சுருக்கும்போது எதை விடக்கூடாது?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பசங்க செமினாருக்கு ஆராய்ச்சிக் கட்டுரையைச் சுருக்கி எழுதத் தடுமாறுறாங்க, அதைப் பத்திப் பேசுங்க"ன்னு சங்கச் செயலாளர் சொன்னார். நானும் தடுமாறியவன்தான். எம்.எஸ்ஸி.யில் நான் எழுதிய முதல் சுருக்கத்தைப் படித்துவிட்டு என் பேராசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: "இது கட்டுரை சொன்னதா, நீ சொல்றதா?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படித்துவிட்டு, நடுவில் இருப்பதை நானே ஊகித்து எழுதியிருந்தேன்.

அது எவ்வளவு பெரிய கேள்வி என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் சொல்கிறேன். 1980 ஜனவரியில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' என்ற அமெரிக்க மருத்துவ இதழில் ஜேன் போர்ட்டர், ஹெர்ஷல் ஜிக் என்ற இருவரின் கடிதம் வந்தது. ஐந்தே வாக்கியம். மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்களில், அபின் வகை வலிமருந்தை ஒருமுறையாவது பெற்றவர்கள் 11,882 பேர். ஏற்கெனவே போதைப்பழக்கம் இல்லாதவர்களில் அந்த மருந்துக்கு அடிமையானதாக ஓரளவு உறுதியாகத் தெரிந்தவர்கள் நான்கே பேர். இவ்வளவுதான் செய்தி.

பின்னால் வந்தவர்கள் இதை எப்படிச் சுருக்கினார்கள்? "இந்த மருந்துக்கு நோயாளிகள் அடிமையாவது அபூர்வம்" என்று! 'மருத்துவமனையில்' என்ற சொல் காணாமல் போயிற்று. மாதக்கணக்கில் வீட்டில் மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் அதே தைரியம் சொல்லப்பட்டது. கடிதத்தின் தலைப்பில் அந்தச் சொல் இல்லை, உள்ளே இருந்தது. தலைப்போடு நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

2017-ல் கனடா ஆய்வாளர்கள் அதே இதழில் கணக்கு வெளியிட்டார்கள். கடிதத்தை மேற்கோள் காட்டிய 608 வெளியீடுகளில் 491, அது மருத்துவமனை நோயாளிகளைப் பற்றியது என்பதையே சொல்லவில்லை. அபின் வகை மருந்துகளால் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்கள் போயின. இந்தக் கடிதம் மட்டும் காரணமல்ல. மருந்துக் கம்பெனிகளின் விற்பனை வேகமும் உண்டு. ஆனால் தவறான சுருக்கமும் அதற்குத் துணைபோயிற்று.

ஆகவே மாணவர்களே, கட்டுரையை முழுக்க இரண்டு முறை படியுங்கள். பிறகு மூடி வைத்துவிட்டு உங்கள் சொந்த வார்த்தையில் எழுதுங்கள். பார்த்துக்கொண்டே எழுதினால் அது காப்பிதான். நாலு கேள்விக்குப் பதில் வந்துவிட வேண்டும்: என்ன தேடினார்கள்? யாரிடம், எப்படித் தேடினார்கள்? என்ன கிடைத்தது? அது எதுவரைக்கும் செல்லும்? நாலாவதைத்தான் நாம் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுகிறோம். உதாரணத்தை வெட்டுங்கள், அலங்காரத்தை வெட்டுங்கள். நிபந்தனையை மட்டும் வெட்டாதீர்கள்.

வினைச்சொல்லிலும் கவனம் தேவை. ஆசிரியர் 'கருதுகிறார்' என்றால் நாம் 'நிரூபித்தார்' என்று எழுதக்கூடாது. 'தொடர்பு இருக்கிறது' என்றால் 'காரணம்' என்று மாற்றக்கூடாது. உங்கள் அபிப்பிராயம் இருந்தால் தனிப் பத்தியில் சொல்லுங்கள், தப்பில்லை. கடைசியில் கட்டுரையைத் திறந்து எண்களை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

எழுதி முடித்ததும் என் பேராசிரியரின் கேள்வியை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். நான் இன்றைக்கும் கேட்டுக்கொள்கிறேன்.