சுருதியை இறக்குங்கள்

டிசம்பர் வந்துவிட்டது. ஓசூரில் விடியற்காலைக் குளிர் காதைப் பிடிக்கிறது. மத்திகிரிப் பக்கமும் பாகலூர் ரோட்டுப் பக்கமும் மொட்டை மாடிகளில் நட்சத்திர விளக்கு ஏறிவிட்டது. போன வாரம் எங்கள் தெருவுக்குக் கேரல் ரவுண்ட்ஸ் வந்தார்கள். ஒரு டெம்போ, அதில் ஜெனரேட்டர், ரெண்டு பெரிய ஸ்பீக்கர், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். பாட்டு ஆரம்பித்ததும் என் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. உற்றுப் பார்த்தேன். பிள்ளைகள் வாயசைக்கிறார்கள், சத்தம் பெட்டியிலிருந்து வருகிறது. அங்கே ஒருத்தரும் பாடவில்லை, நேயர்களே. ட்ராக்தான் பாடிக்கொண்டிருந்தது. கேக் கொடுத்தேன், காணிக்கைக் கவரும் கொடுத்தேன், பிள்ளைகள் மேல் எனக்கு என்ன கோபம்? ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த எரிச்சலோடுதான் இந்த மைக் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் சங்கீத வித்வான் இல்லை. 1986-ல் நாசரேத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியும் ஒரு பாட்டுப் புத்தகமுமாக ஓசூருக்கு வந்து, சிப்காட்டில் 31 வருஷம் பிட்டர் வேலை பார்த்தவன். மூன்று ஷிப்டும் பார்த்தவன். நான் பேசப்போவது வீட்டுக் கீர்த்தனையைப் பற்றி. கோயிலில் பாடுகிற கீர்த்தனை வேறு விஷயம், அதற்குக் கொயர் இருக்கிறது, போதகர் ஐயரவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கூடத்தில், பாயில் உட்கார்ந்து, துக்கத்துக்கும் சந்தோஷத்துக்கும் குடும்பமாகப் பாடுகிறோமே, அதைப் பற்றி.

கீர்த்தனை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாமாலை ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் மெட்டோடு கப்பலேறி வந்தது, கீர்த்தனை இங்கேயே முளைத்தது. பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனைக்கும் தலைமாட்டில் ராகமும் தாளமும் அச்சடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். பார்த்திருப்பீர்கள் என்றுதான் சொல்கிறேன், படித்திருப்பீர்கள் என்று சொல்லத் துணிச்சல் இல்லை.

எங்கள் வீட்டில் இந்த ஒரு வருஷத்தில் எத்தனை தடவை பாடினோம் என்று நேற்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். ஜனவரியில் பேத்திக்கு ஞானஸ்நானம். மே மாதம் மகன் கட்டிய வீட்டுக்குப் பிரதிஷ்டை ஜெபம். ஜூனில் மருமகப் பிள்ளையின் ஒப்பந்த வேலை போனது, அன்றைக்கும் பாடினோம், மெதுவாக. ஆகஸ்டில் அம்மா போனாள். அக்டோபரில் சின்னவளுக்குக் கோயிலில் மூன்று ஓலையும் வாசித்து, நவம்பரில் கல்யாணம். இதில் எதற்கும் ஸ்பீக்கர் வைக்கவில்லை. கல்யாணத்துக்கு வைத்தார்கள், அது மண்டபத்துக்காரர் ஏற்பாடு, நான் பொறுப்பில்லை.

எங்கள் அம்மாவின் வித்தையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் படித்தது ஐந்தாம் வகுப்பு. சுருதிப்பெட்டி கிடையாது, ஆர்மோனியம் கிடையாது. பாட்டைத் தொடங்குமுன் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைப்பாள். ஜெபம் பண்ணுகிறாள் என்றுதான் சின்ன வயதில் நினைத்தேன். ஒரு நாள் கேட்டேன். “ஜெபமெல்லாம் பெறவுலே. சரணத்துல ஒசரமா ஒரு எடம் வருதுல்லா, அத முதல்ல மனசுக்குள்ள பாடிப் பாத்துக்கிடுவேன். அங்கன ஒங்க தாத்தாவுக்குத் தொண்டை எட்டுமான்னு பாத்துட்டுத்தான் பல்லவியத் தொடங்குவேன்” என்றாள்.

திரும்பச் சொல்கிறேன், இதுதான் இந்த உரையின் மையம். பாட்டின் உயரமான இடம் எங்கே வருகிறது என்று முதலில் பார்ப்பது. அந்த இடத்தில், வீட்டிலேயே குரல் குறைந்தவர் யாரோ அவருக்கு எட்டுமா என்று பார்ப்பது. எட்டாது என்றால் சுருதியை இறக்குவது. இப்போதெல்லாம் கீபோர்டு வாசிக்கிற தம்பி தனக்கு விரல் சௌகரியமான கட்டையில் தொடங்குகிறார். பல்லவி வரைக்கும் எல்லோரும் பாடுகிறார்கள். அனுபல்லவி மேலே ஏறும்போது பெரியவர்கள் ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள், சரணத்தில் தம்பியும் மைக்கும் மட்டும் மிச்சம். ஒரு கட்டை இறக்கினால் போதும். தாத்தாவும் பாடுவார்.

இப்போது என் மனசுக்குப் பிடித்தவரிடம் வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார். மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரைக் குழப்பிக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர் முன்சீப், பிரதாப முதலியார் சரித்திரம் எழுதியவர், இவருக்கு அரை நூற்றாண்டு பின்னால் பிறந்தவர். நம் சாஸ்திரியார் 1774-ல் பாளையங்கோட்டையில் பிறந்தார். மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் அவரைச் சிறு பையனாகத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போய்ப் படிக்க வைத்தார். அதே ஐயரின் கைக்குள் வளர்ந்த இன்னொரு பையன் இளவரசர் சரபோஜி. பின்னால் அந்தப் பையன் ராஜாவானார், இந்தப் பையன் அவர் சபையில் கவிராயர் ஆனார்.

சாஸ்திரியார் என்ன செய்தார் தெரியுமா? தஞ்சாவூரில் எதெல்லாம் தெருவில் ஆடிப் பாடப்பட்டதோ அதையெல்லாம் வேதக் கதைக்குள் கொண்டுவந்தார். குறவஞ்சியா? பெத்லகேம் குறவஞ்சி. கும்மியா? சாஸ்திரக் கும்மி. நோவாவின் பேழைக் கதையை ஞானத் தச்ச நாடகம் என்று எழுதினார். தச்சு வேலையைப் பாட்டில் வைத்தவர் மேல் ஒரு பிட்டருக்குப் பிரியம் வராதா? மரத்தை அளந்து, இழைத்து, பொருத்திக் கட்டுகிற மனிதன் கையில் தெய்வ காரியத்தைக் கொடுத்திருக்கிறார். நான் நைட் ஷிப்டில் லேத் பக்கத்தில் நின்று அவருடைய பாட்டை முனகிக்கொண்டிருப்பேன், மெஷின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

அவருக்கும் தொல்லை வந்தது. 1820-களில் புதிதாக வந்த மிஷனரிமார் சிலர், கோயிலில் இந்தத் தமிழ்ப் பாட்டெல்லாம் வேண்டாம் என்று நிறுத்தப் பார்த்தார்கள். சாஸ்திரியார் விடவில்லை, எதிர்த்து எழுதினார். ஒரு விஷயத்தை நான் மறைக்க மாட்டேன். கோயிலில் சாதிப்படி தனித்தனியாக உட்காருவதையும் அவர் ஆதரித்து வாதாடினார். அதில் நான் அவர் பக்கம் இல்லை, மிஷனரிமார் பக்கம். பாட்டில் மட்டும் சாஸ்திரியார் பக்கம். ஒரே மனிதரிடம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஒன்றைத் தள்ளிவிட நமக்குத் தெரியாதா என்ன?

கடைசியில் ஜெயித்தது பாட்டு. மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரி எட்வர்ட் வெப் வயதான சாஸ்திரியாரிடம் போய், பாட்டுகளைச் சேகரித்து, 1853-ல் புத்தகமாக அச்சிட்டார். வேண்டாம் என்றவர்களும் மிஷனரிமார், தேடிப் போனவரும் ஒரு மிஷனரி. நம் கையில் இருக்கிற கீர்த்தனைப் புத்தகத்துக்கு அதுதான் தாய்வேர். 1864-ல் சாஸ்திரியார் கண்மூடும்போது அவருக்கு 89 வயது.

அவர் பாட்டு வீட்டுக்கு ஏன் பொருந்துகிறது? பல்லவி திரும்பத் திரும்ப வருகிறது. சரணம் தெரியாதவர் பல்லவிக்குக் காத்திருந்து சேர்ந்துகொள்ளலாம். புத்தகம் இல்லாதவருக்கு அடி எடுத்துக் கொடுக்கலாம். பாடுகிறவர் அடுத்த வரியை ஒரு மூச்சில் சொல்லிவிடுவார், மற்றவர்கள் அதைப் பாடுவார்கள். அம்மா ஒரு வரி சொல்லுவாள், கூடம் பாடும். எழுதப் படிக்கத் தெரியாத என் ஆச்சி இப்படித்தான் நூறு பாட்டுக்கு மேல் மனப்பாடமாக வைத்திருந்தாள். இப்போது சுவரில் புரொஜெக்டர் வைத்து வரியை ஓட்டுகிறார்கள். கரண்ட் போனால் பாட்டும் போகிறது.

தாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கீர்த்தனைகளில் மிஸ்ர சாப்பு உண்டு. தகிட தகதிமி, மூன்றும் நான்கும் ஏழு. நடக்கும்போது ஒரு கால் கொஞ்சம் தயங்குகிற மாதிரி இருக்கும், துக்கப் பாட்டுக்கு அந்தத் தயக்கம்தான் உயிர். கீபோர்டில் பட்டனைத் தட்டினால் வருகிற ரிதம் பெரும்பாலும் நாலு, இல்லாவிட்டால் மூன்று. ஏழை எங்கே தேடுவது? அதனால் பாட்டை இழுத்து எட்டாக்கிவிடுகிறார்கள். பெரிய வெள்ளிக்கிழமைப் பாட்டு கல்யாண ஊர்வலப் பாட்டு மாதிரி ஓடுகிறது. முகாரி ராகத்தை இந்த வேகத்தில் ஓட்டினால் முகாரிக்கே அழுகை வந்துவிடும்.

ஆகஸ்டுக்கு வருகிறேன். அம்மாவுக்கு 84 வயது. ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு நின்றது. விடிவதற்குள் தெருவே கூடிவிட்டது. பாலிஹவுஸில் ரோஜா வளர்க்கிற எதிர்வீட்டு ரெட்டியார் ஏற்றுமதிக்குக் கட்டி வைத்த பூவை அப்படியே கொண்டுவந்து இறக்கினார். கட்டுக்கு 20 பூ, முனையில் அட்டை சுற்றியபடி. அந்த அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மூத்த மகன், நான்தானே தொடங்க வேண்டும்? தொடங்கினேன்.

உயரத்தில் தொடங்கிவிட்டேன், நேயர்களே. பல்லவி வந்தது. அனுபல்லவியில் என் தங்கைகள் நின்றுவிட்டார்கள். சரணத்தில் என் குரலே உடைந்தது, அழுகையால் உடைந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். பாதி அழுகை, பாதி சுருதி. அம்மா உட்கார்ந்திருந்தால் என் தொடையில் ஒரு தட்டு தட்டியிருப்பாள்.

அப்போது என் மருமகள் பாட்டை எடுத்தாள். பெங்களூர்த் தமிழ்ப் பெண், கன்னட மீடியத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், பாடுவாள், எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும் வராது. இந்த எல்லைப் பக்கத்தில் அப்படிப்பட்டவர்கள் நிறைய உண்டு. அம்மா அடி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, கீர்த்தனைகளை ஒரு டயரியில் கன்னட எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள். நம் எழுத்தில் ஒரே ‘க’தான், அவளுக்கு அங்கே ‘ka’ வேறு, ‘ga’ வேறு என்று இரண்டு எழுத்து. அதனால் எந்த இடத்தில் அழுத்தி, எந்த இடத்தில் மெல்ல என்று அம்மா வாய்ச் சத்தத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கிறாள். வேதக் கதையைப் பாட்டாக்குவது கன்னடத்துக்கும் புதிதல்ல. கன்னட அகராதி போட்ட மிஷனரி கிட்டல் ஐயர் இயேசு சரித்திரத்தைக் கன்னட யாப்பில் கதாமாலெ என்று பாடிவைத்தவர்தான்.

அன்றைக்கு அவள் டயரியைத் திறக்கவில்லை. கண்ணை மூடினாள், உதட்டை அசைத்தாள். ஒன்றரைக் கட்டையாவது இறக்கியிருப்பாள். பல்லவியைத் தொடங்கினாள். தங்கைகள் பாடினார்கள், ரெட்டியார் வீட்டு அம்மா பல்லவியில் சேர்ந்துகொண்டார், பத்து வருஷமாகச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கேட்டுப் பழகியவர்தானே. நானும் பாடினேன். அடக்க ஆராதனைக்கு ஐயரவர்கள் வரும்வரைக்கும் பாடினோம், நாலு பாட்டு.

புதுப் பாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். சாஸ்திரியாரே அவர் காலத்துப் புதுப் பாட்டுக்காரர். அதைப் பெட்டி பாட வேண்டாம், நீங்கள் பாடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

31-ஆம் தேதி ராத்திரி ஆராதனைக்குப் புறப்படுமுன் வீட்டில் பத்து நிமிஷம் உட்காருங்கள். கீபோர்டு உறைக்குள்ளேயே இருக்கட்டும். போனை அடுப்படியில் வைத்துவிடுங்கள். போன டிசம்பரில் உங்களோடு உட்கார்ந்திருந்து இப்போது இல்லாதவர் யார், இந்த வருஷம் புதிதாக வந்து சேர்ந்தவர் யார் என்று ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பிறகு ஒரே ஒரு கீர்த்தனை. உயரமான இடத்தை முதலில் மனசுக்குள் பாடிப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், சுருதியை இறக்குங்கள். பாட்டு தெரியாத பிள்ளைக்கு அடி எடுத்துக் கொடுங்கள்.

எங்கள் வீட்டில் அன்று ஒன்பது மணிக்குப் பாட்டு. தொடங்கப்போகிறவள் மருமகள்.