மலையில் விட்டது மறுபடி நம்மிடமே வரும்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் கொட்டாஞ்சேனையில் கூடியபோது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



போன மாதம் தோட்டத்துப் பிள்ளைகள் இருபது பேரைக் கூட்டிக்கொண்டு நல்லதண்ணி வழியாகச் சிவனொளிபாதமலை ஏறினோம். தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் மந்திக் கூட்டம் ஒன்று கிளை தாவிப் போனது. நீல உடலும் சிவப்பு அலகுமாக ஒரு பறவை வந்து உட்கார்ந்தது. இலங்கையை விட்டால் உலகில் வேறெங்கும் இல்லாத பறவை அது. ஓடைக்கரைச் சேற்றில் மரையின் குளம்படி. பிள்ளைகளுக்கு ஒரே சந்தோசம்.

கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் அதே ஓடையில் சொப்பிங் பேக், பிஸ்கட் உறை, வெற்றுப் போத்தல். யாத்திரை வருகிறவர்கள் போட்டதும் உண்டு. நம்ம லயத்துப் பீலியிலிருந்து வந்ததும் உண்டு. “ஆத்துல போட்டா போயிரும்” என்று நாமே சொல்கிறோமே, எங்கே போகிறது?

மஸ்கெலி ஓயாவும் கெகல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. 145 கிலோமீற்றர் ஓடி, இந்தக் கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மட்டக்குளிப் பக்கம் கடலில் விழுகிறது. வழியில் அம்பத்தலையில் அந்த நீரை எடுத்துச் சுத்திகரித்துத்தான் கொழும்புக் குழாய்களுக்குப் பெருமளவு அனுப்புகிறார்கள். வெள்ளவத்தைக் கடையில் நிற்கும் உங்கள் மகன் தாகத்துக்குக் குழாயைத் திறந்தால், வருவது நம்ம மலைத் தண்ணி. அழுக்காக்குவது யாருடைய தண்ணீரை என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்றும் கண்டோம். பாதையோர மரக்கறிப் பாத்தி வேலியில் சுருக்குக் கம்பி. 2020 மே மாதம் இதே நல்லதண்ணிப் பகுதியில் அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று இப்படிப்பட்ட கம்பியில் மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் மூன்றாம் நாள் செத்துப்போனது.

கம்பியைக் காட்டிக் கேட்டபோது பாத்திக்காரத் தாய் ஒருவர் சொன்னார்: “மரவள்ளி பூராவும் பன்னி தோண்டிருச்சுங்க ஐயா. நாங்க என்னத்தைத் திங்கிறது?”

நியாயமான கேள்வி. நாங்கள் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் காட்டுப்பன்றியைப் பிடித்துத் தின்பதே சிறுத்தைதான். சிறுத்தை செத்தால் பன்றிக்குத்தான் கொண்டாட்டம். கம்பிக்குப் பன்றி எது, வீட்டு நாய் எது, விளையாடும் பிள்ளையின் கால் எது என்று தெரியாது.

ஆகவே ஆளுக்கொரு மூலையில் பாத்தி போடாமல் லயத்தார் சேர்ந்து ஒரே இடத்தில் போடுவோம். சுற்றித் தகர வேலி அடைப்போம். தகரம் கேட்டுத் துரைக்குக் கடிதம் எழுதுவது எங்கள் பொறுப்பு. கையெழுத்து வைப்பது உங்கள் பொறுப்பு. மிருகம் எதுவும் கம்பியில் மாட்டியிருந்தால் கிட்டப் போகாதீர்கள். வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற எண்ணில் உடனே சொல்லுங்கள்.

இறங்கும்போது பிள்ளைகள், யாரும் சொல்லாமலே, ஓடைக் குப்பையை இரண்டு உரச் சாக்கில் கட்டித் தூக்கி வந்தார்கள். அந்தத் தாயும் மறுநாள் கம்பியை அவிழ்த்துக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்துவிட்டு, “வேலியை மறந்துறாதீங்க” என்றார். மறக்க மாட்டோம்.