இரவல் வரும் நூல்



நூலகத்துக்குச் சென்று ஒரு நூலைக் கேட்கிறோம். "இங்கே இல்லை" என்று விடை வருகிறது. நம்மில் பெரும்பாலோர் அவ்விடையைக் கேட்டவுடன் வீடு திரும்பிவிடுகிறோம். இங்கே இல்லை என்பது எங்குமே இல்லை என்பதாகாது. ஒரு நூலகம் தன்னிடம் இல்லாத நூலைத் தன் வாசகர் பொருட்டு மற்றொரு நூலகத்திலிருந்து இரவல் வாங்கித் தரும் ஏற்பாடு ஒன்று உண்டு. பல்கலைக்கழக நூலகங்களில் அது நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

இரவல் வாங்கிப் படிப்பது நமக்குப் புதியதன்று. அச்சு பரவாத காலத்தில், நூல் வேண்டியவர் சுவடி வைத்திருந்தவரை நாடிச் சென்று, வாங்கி வந்து, பெயர்த்தெழுதிக்கொண்டு திருப்பித் தந்தார். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது, பல இடங்களிலிருந்து வந்த சுவடிகளே அதற்கு அடிப்படையாயின. அவை அவருடைய அயராத தேட்டத்தாலும், அவர்பால் பிறர் வைத்த நம்பிக்கையாலும் வந்தவை. அத்தகைய முயற்சி எல்லார்க்கும் இயலாது. முன்பின் அறியாத மாணவர் ஒருவர்க்கும் அவ்வுதவி கிட்ட வேண்டுமானால், ஒருவரையொருவர் நம்பும் நிலைமாறி, நூலகம் நூலகத்தை நம்பும் நிலை ஏற்பட வேண்டும்.

அமெரிக்க நாட்டில் வூஸ்டர் நகரத்துப் பொது நூலகராக இருந்த சாமுவேல் கிரீன் என்பார், 1876-ஆம் ஆண்டில் நூலகர்களுக்குரிய இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். நூலகங்கள் தமக்குள் நூல்களை இரவல் கொடுத்து வாங்கும் வழக்கம் வேண்டுமென்பது அதன் கருத்து. 1894-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகர் ரோவல் அதனை நடைமுறைக்குக் கொணர்ந்தார். பிரிட்டனில், கல்லூரி வாசலை மிதிக்க இயலாமல் உழைத்துக்கொண்டே கற்ற வளர்ந்தோருக்காக, 1916-ஆம் ஆண்டில் மாணவர் மைய நூலகம் ஒன்று தோன்றியது.

இரவல் கொடுப்பதில் முதற்கண் எழும் வினா, எந்த நூல் எங்கே இருக்கிறது என்பது. இதற்கு இருவகை விடைகள் காணப்பட்டன. ஒன்று, பல நூலகங்களின் நூல்களையும் ஒருங்கே காட்டும் கூட்டுப் பட்டியல். 1956-க்கு முன் வெளிவந்த நூல்களுக்காக அமெரிக்காவில் அச்சிடப்பட்ட தேசியக் கூட்டுப் பட்டியல் 754 தொகுதிகளாக விரிந்தது. அது வெளிவர 1968 முதல் 1981 வரை ஆயிற்று. மற்றொரு விடையை அளித்தவர் பிரிட்டனில் டொனால்டு அர்க்குவர்ட் என்பார். பல இடங்களில் தேடி அலைவதைவிட, இரவல் தருவதற்கென்றே ஒரு பெருங்களஞ்சியம் அமைத்து அஞ்சலில் அனுப்பிவிடலாம் என்றார் அவர். யார்க்ஷயரில், முன்பு போர்த்தளவாடத் தொழிற்சாலை இருந்த இடத்தில், 1962-ஆம் ஆண்டில் அக்களஞ்சியம் திறக்கப்பட்டது. 1973-ஆம் ஆண்டில் அது பிரிட்டிஷ் நூலகத்தோடு இணைந்தது.

நம் நாட்டில் இத்துறைக்கு அடிகோலியவர் எஸ். ஆர். அரங்கநாதன் அவர்கள். கணிதப் பேராசிரியராக இருந்து, 1924-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், 1931-ஆம் ஆண்டில் நூலகவியலின் ஐந்து விதிகளை வகுத்து வெளியிட்டார். வாசகர் எவரும் தமக்குரிய நூல் கிட்டாமல் திரும்பலாகாது என்பது அவற்றுள் ஒன்றன் கருத்து. அவ்விதியை உள்ளபடி ஏற்றால், எந்த நூலகமும் தன் நான்கு சுவர்களுக்குள் அடங்கி நிற்க முடியாது. 1952-ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கிய இன்ஸ்டாக் நிறுவனம், அறிவியல் கட்டுரைகளின் படிகளை எடுத்து அனுப்பும் பணியைச் செய்தது. 1988-ஆம் ஆண்டில் தில்லி நூலகங்களை இணைக்கத் தொடங்கிய டெல்நெட்டும், 1991-ஆம் ஆண்டில் தோன்றிய இன்ஃபிலிப்னெட்டும் கணிப்பொறியின் வழியே கூட்டுப் பட்டியல்களை அமைத்தன.

இனி, செயல்முறையைக் காண்போம். வாசகர் தம் வேண்டுகோளை நூலகரிடம் எழுதித் தருகிறார். ஆசிரியர் பெயர், நூற்பெயர், பதிப்பு, ஆண்டு ஆகியன அதில் இருத்தல் வேண்டும். கட்டுரையாயின் தொகுதி, இதழ், பக்கம் என்பனவும் வேண்டும். நூலகர் அவ்விவரங்களைச் சரிபார்த்து, நூல் உள்ள இடத்தைக் கண்டு, அந்நூலகத்துக்கு எழுதுகிறார். நூல் அஞ்சலில் நூலகத்துக்கே வந்து சேர்கிறது. வாசகர் கைக்கு நேரே அனுப்பப்படுவதில்லை. கெட்டாலும் தொலைந்தாலும் பொறுப்பு, வாங்கிய நூலகத்தையே சாரும். அரிய நூல்களும், எடுத்துப் பார்க்கும் அகராதி போன்றவையும் பெரும்பாலும் வெளியே செல்வதில்லை. அவற்றுக்கு ஈடாக, வேண்டிய பக்கங்களின் படி வருவதுண்டு.

நான் பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் பணியாற்றியபோது நிகழ்ந்தது ஒன்றைக் கூறுகிறேன். ஏரிப் பாசனத்தைப் பற்றி ஆராய்ந்துவந்த மாணவி ஒருவர், பழைய அறிக்கை ஒன்றைத் தேடி வந்தார். அவ்வரிசையில் அவருக்கு வேண்டிய தொகுதி மட்டும் எங்களிடம் இல்லை. "பரவாயில்லை, ஐயா. பின்வந்த நூல்களில் அந்தக் கணக்கை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதையே எழுதிக்கொள்கிறேன்" என்று சொல்லி எழுந்தார். நான் அவரை அமரச் சொல்லி, வேண்டுகோள் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டேன். முதலில் கேட்ட நூலகம் கொடுப்பதற்கில்லை என்றது. இரண்டாவது நூலகம் தொகுதி இடத்தில் இல்லை என்றது. மூன்றாவது நூலகம், எங்கள் நூலகத்துக்குள்ளேயே வைத்துப் படிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அனுப்பியது. அம்மாணவி நான்கு நாள் அதனோடு அமர்ந்திருந்தார். நான்காம் நாள் மாலையில் என் மேசைக்கு வந்து ஓர் அட்டவணையைக் காட்டினார். அவர் தேடிய தாலுகாவுக்கு உரியதாகப் பின்வந்த நூல்கள் கூறிய எண், உண்மையில் அதற்கு அடுத்த வரியில் இருந்த வேறொரு தாலுகாவின் எண். எப்போதோ ஒருவர் கண் ஒரு வரி தவறியிருந்தது. மூலத்தைப் பாராமல் பின்னவர்கள் அதையே எடுத்தெழுதி வந்திருந்தனர். அத்தொகுதி வந்திராவிடில் அவரும் அவ்வரிசையில் ஒருவராகியிருப்பார்.

இதற்கு மாறான நிகழ்ச்சியும் உண்டு. வேறொரு முறை நாங்கள் இரவல் பெற்ற தொகுதியிலிருந்து நிலப்படம் ஒன்றை வாசகர் ஒருவர் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டார். அதற்குரிய விலையைச் செலுத்தினோம். வருத்தம் தெரிவித்து நானே கடிதம் எழுதினேன். எனினும் அந்நூலகம் ஈராண்டுக் காலம் எங்களுக்கு எதனையும் அனுப்பவில்லை. அதனைக் குறை கூற எனக்கு வாயில்லை. ஆனால் அந்த ஈராண்டில் இடர்ப்பட்டவர்கள், அப்படத்தை அறுத்தவரை அறியாத மாணவர்கள். இரவல் நூலைக் கையில் எடுப்பவர், பின்னால் வரப்போகும் வாசகர்களின் உரிமையையும் சேர்த்தே எடுக்கிறார்.

இக்காலத்தில் புதிய இடர் ஒன்றும் தோன்றியிருக்கிறது. ஆய்வு இதழ்களில் பலவற்றை நூலகங்கள் இப்போது அச்சில் வாங்குவதில்லை. சந்தா செலுத்தி, மின்வடிவில் படிக்கும் உரிமையைப் பெறுகின்றன. அச்சு நூலை வாங்கிய நூலகம் அதனைத் தன் விருப்பம்போல் இரவல் தரலாம். மின்வடிவிலுள்ளதோ ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டது. பிற நூலகத்துக்குப் படி தருவதை வரையறுக்கும் ஒப்பந்தங்களும் உண்டு, தடுப்பனவும் உண்டு. 2025-ஆம் ஆண்டில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம், அரசு சார்ந்த கல்வி நிறுவனங்களுக்குப் பல்லாயிரம் இதழ்களைத் திறந்துவிட்டது. அவ்வட்டத்துக்கு வெளியே உள்ளவர்களும் பழைய அச்சு நூல்களைத் தேடுவோரும் இன்னும் இரவலையே நம்பியிருக்கின்றனர். ஆதலால், ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் நூலகர்கள் விலையைப் பார்ப்பதோடு, இரவல் பற்றிய பிரிவையும் படித்துப் பார்த்து, வேண்டிய திருத்தத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

மற்றொன்றும் கூற வேண்டும். இரவல் சேலையை நம்பி இடுப்புத் துணியை எறிந்த கதை நம் நாட்டில் வழங்குகிறது. பக்கத்து நூலகத்தில் இருக்கிறதே என்று ஒவ்வொரு நூலகமும் நூல் வாங்குவதைக் குறைத்தால், ஒருநாள் எவரிடமும் நூல் இராது. அன்றாடம் வேண்டியதைத் தானே வாங்கி, அரிதாக வேண்டியதைப் பிறரிடம் பெற்று, தன்னிடம் உள்ள அரியதைப் பிறர்க்கு அளிப்பதே நூலகத்துக்கு முறை.

நேயர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த முறை "இங்கே இல்லை" என்ற விடையைக் கேட்டால் திரும்பிவிடாதீர்கள். "எங்கே இருக்கும்? வரவழைத்துத் தர இயலுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டா. தேடித் தருவது நூலகர் கடமை. வந்த நூலைக் குறித்த நாளில், வந்த வண்ணமே திருப்பித் தருவது நம் கடமை.