கொரியாவைப் பிளந்த கோடு



நிலப்படத்தில் இருவகைக் கோடுகள் உண்டு. ஆறும் மலையும் கடற்கரையும் இயற்கை வரைந்தவை. அட்சக் கோடுகளும் தீர்க்கக் கோடுகளும் நாம் கணக்கின் பொருட்டுக் கற்பித்துக்கொண்டவை. நிலத்தின்மேல் அவற்றைத் தேடிக் காண இயலாது. வகுப்பறையில் இதனைப் பல்லாண்டுகள் சொல்லிக் கொடுத்தவன் நான். அத்தகைய கற்பனைக் கோடு ஒன்று, வயல்களையும் ஊர்களையும் குடும்பங்களையும் அறுத்துக்கொண்டு மெய்யாகவே நிலத்தில் இறங்கிய வரலாற்றைச் சொல்லப் புகுகின்றேன். அக்கோடு வடக்கு 38ஆம் பாகை. அது இறங்கிய நாடு கொரியா.

கொரிய மக்கள் ஒரே மொழி பேசுபவர்கள். அவர்கள் எழுதும் எழுத்து, எளிய குடிமக்களும் கற்றுக்கொள்ள வேண்டும் என்று செசோங் மன்னர் 1446இல் வெளியிட்டது. பல நூற்றாண்டுகள் ஒரே முடியரசின் கீழ் வாழ்ந்தவர்கள் அவர்கள். 1910இல் ஜப்பான் அந்நாட்டைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. ஆட்சி முற்ற முற்ற, பள்ளிகளில் தாய்மொழி ஒடுக்கப்பட்டது; தம் பெயர்களையும் ஜப்பானியப் பெயர்களாக மாற்றிக்கொள்ளுமாறு மக்கள் நெருக்கப்பட்டனர். 35 ஆண்டுகள் இவ்வாறு துன்புற்ற மக்களுக்கு 1945 ஆகஸ்டு 15இல் விடுதலை வந்தது. ஆனால் அதற்குச் சில நாட்கள் முன்னரே அவர்களுடைய நாடு பங்கிடப்பட்டு விட்டது.

சோவியத்துப் படைகள் வடக்கிலிருந்து கொரியாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஆகஸ்டு 10ஆம் நாள் இரவு, வாசிங்டன் நகரில் இரு படைத்தலைவர்களிடம் ஒரு பணி ஒப்படைக்கப்பட்டது. ஜப்பானியரின் சரணாகதியை எவ்வெல்லை வரை சோவியத்தார் ஏற்பது, எவ்வெல்லை வரை அமெரிக்கர் ஏற்பது என்று வரையறுக்க வேண்டும். அதற்குத் தரப்பட்ட காலம் அரைமணி நேரம். அவர்கள் கையிலிருந்தது ‘நேஷனல் ஜியாகரபிக்’ கழகத்தார் அச்சிட்ட நிலப்படம். தலைநகராகிய சியோல் தம் பக்கம் இருக்கட்டும் என்று 38ஆம் பாகையைத் தெரிந்தெடுத்தனர். ஸ்டாலின் மறுப்பின்றி ஒப்புக்கொண்டார். அவ்விருவருள் ஒருவராகிய டீன் ரஸ்க் பின்னாளில் அமெரிக்க வெளிநாட்டு அமைச்சரானார். கொரியர் ஒருவரையேனும் கேட்டார்களா? இல்லை.

தற்காலிகமாக இட்ட கோடு மூன்றே ஆண்டுகளில் இறுகிற்று. வடக்கே சோவியத்து ஆதரவில் கிம் இல் சுங். தெற்கே அமெரிக்க ஆதரவில் சிங்மன் ரீ. நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்த ஐக்கிய நாடுகள் சபை ஒரு குழுவை அனுப்பிற்று. அதற்குத் தலைமை வகித்தவர் நம் நாட்டுக் கே. பி. எஸ். மேனன். குழுவை வடக்கே நுழைய விடவில்லை. ஆகவே 1948இல் தெற்கில் மட்டும் தேர்தல் நடந்தது. அவ்வாண்டிலேயே இரண்டு அரசுகள் தோன்றின. ஒவ்வொன்றும் கொரியா முழுவதும் தனதே என்றது.

பொதுவுடைமையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வெளியாரால் திணிக்கப்பட்டது என்று சொல்லி முடித்துவிடுவோர் உளர். 1946இல் வடக்கே நிலக்கிழார்களின் நிலங்கள் உழுவோர்க்கு விலையின்றிப் பகிர்ந்தளிக்கப்பட்டன. அதனால் மகிழ்ந்தோர் பலர். உடைமையிழந்தோரும் கிறித்தவர்களும் தெற்கே ஓடிவந்தனர். தெற்கிலோ, இடதுசாரிகள் என்று ஐயுறப்பட்டவர்கள் கொடுமையாக ஒடுக்கப்பட்டனர். 1948இல் ஜேஜு தீவில் நிகழ்ந்தது அதற்குச் சான்று. வல்லரசுகள் மூட்டிய நெருப்புக்கு உள்நாட்டிலும் விறகு இருந்தது என்பதை நடுநிலையுடன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

1950 ஜூன் 25இல் வடக்குப் படை கோட்டைக் கடந்தது. போரைத் தொடங்கியது வடக்கே என்பதிலும், ஸ்டாலின் இசைவு பெற்றே தொடங்கியது என்பதிலும், பிற்காலத்தில் திறக்கப்பட்ட சோவியத்து ஆவணங்களைக் கண்ட பின்னர் ஐயத்துக்கு இடமில்லை. மூன்றே நாட்களில் சியோல் வீழ்ந்தது. செப்டம்பரில் மக்கார்தர் இன்ச்சானில் படையிறக்கி அதனை மீட்டார். அத்தோடு நின்றிருக்கலாம். அமெரிக்கப் படை 38ஆம் பாகையைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்று சௌ என்-லாய் நள்ளிரவில் நம் தூதர் சர்தார் கே. எம். பணிக்கரை அழைத்துச் சொன்னார். அவ்வெச்சரிக்கையை இந்தியா தெரிவித்தது, கேட்பாரில்லை. சீனர் இறங்கினர். சியோல் நகரம் ஓராண்டுக்குள் நான்கு முறை கைமாறிற்று. 20 இலட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் மாண்டபின், போர்முனை ஏறத்தாழத் தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது.

1951 ஜூலையில் தொடங்கிய போர்நிறுத்தப் பேச்சு ஈராண்டுக்கு மேல் நீண்டது. அதை இழுத்தடித்தது பெரும்பாலும் ஒரே கேள்வி. சிறைப்பட்ட வீரர்கள் அனைவரையும் தத்தம் நாட்டுக்குத் திருப்பி அனுப்புவதா? அன்றி, விரும்பாதவரை விட்டுவிடுவதா? இருபுறமும் கௌரவம் கருதிப் பிடிவாதம் காட்டின. அதற்குள் எத்தனையோ ஆயிரம் பேர் மடிந்தனர். வி. கே. கிருஷ்ண மேனன் முன்வைத்த இந்தியத் திட்டம் 1952 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபையில் நிறைவேறிற்று. இறுதியில், திரும்ப மறுத்த கைதிகளைக் காக்கும் பொறுப்பு நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்கு வந்தது. தலைவர் ஜெனரல் திம்மையா. காவல்படை இந்தியப் படை. இந்திய வீரர் தம் மண்ணை மிதிக்கலாகாது என்றார் சிங்மன் ரீ. ஆகவே அவர்களைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றிப் படைநீக்கப் பகுதியில் இறக்கினார்கள். (போரின்போதே ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் நம் படை மருத்துவக் குழு அங்குத் தொண்டாற்றியதும் மறத்தற்குரியதன்று.)

அங்கே கூடாரங்கள் அமைக்கப்பட்டன. கைதியை ஒருவர் ஒருவராக அழைத்து, அவன் நாட்டு அலுவலர் “வந்துவிடு” என்று எடுத்துரைப்பார். கேட்டபின் அவன் வெளியேற இரண்டு வாயில்கள்: ஒன்று தாய்நாட்டுக்கு, மற்றொன்று மறுப்புக்கு. கொரியன் ஒருவனைப் பார்த்து “நீ எங்கே வாழ விரும்புகிறாய்?” என்று உலகம் கேட்டது, எனக்குத் தெரிந்தவரை, அங்கேதான். அதுவும் முழுச் சுதந்திரமான கேள்வியன்று. முகாம்களுக்குள்ளே கட்சிக் கையாட்கள் அச்சுறுத்தினர். மனம் மாறியவர் கொலையுண்டதும் உண்டு. குறித்த 90 நாட்களில் இவ்விசாரணை நடந்தது மிகச் சில நாட்களே.

ஏறத்தாழ 23,000 பேருள் மிகப் பெரும்பாலோர் தென்கொரியாவுக்கோ தைவானுக்கோ சென்றனர். 88 பேர் மட்டும், கொரியர் 76, சீனர் 12, வடக்கும் வேண்டா, தெற்கும் வேண்டா, நடுநிலை நாடு ஒன்றுக்கு அனுப்புங்கள் என்றனர். 1954 பிப்ரவரியில் இந்தியப் படையினரோடு கப்பலேறிய அவர்கள் வந்திறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில். சில ஆண்டுகளில் பலர் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் சென்றனர். சிலர் இந்தியாவிலேயே தங்கினர். 1960இல் சோய் இன்-ஹுன் எழுதிய ‘சதுக்கம்’ என்னும் புதினத்தின் தலைவன் இத்தகைய கைதியே. கப்பல் நடுக்கடலில் செல்லும்போதே அவன் மறைந்துவிடுகின்றான். கொரிய மாணவர் பலர் கற்கும் நூல் அது.

1953 ஜூலை 27இல் கையெழுத்தானது போர்நிறுத்தமே; அமைதி உடன்படிக்கை இன்றுவரை இல்லை. 4 கிலோமீட்டர் அகலமும் 250 கிலோமீட்டர் நீளமும் உள்ள படைநீக்கப் பகுதி நாட்டைக் குறுக்கே கிழித்து நிற்கிறது. எழுத்து பிறந்ததைக் கொண்டாடும் நாளைக்கூட வடக்கே ஜனவரி 15 என்றும், தெற்கே அக்டோபர் 9 என்றும் பிரித்துக்கொண்டார்கள்.

பிரிந்த குடும்பங்களின் நிலைமையைச் சொல்லாமல் முடிக்க இயலவில்லை. 1983இல் தென்கொரியத் தேசிய ஒலி-ஒளிபரப்பு நிலையம், போரில் சிதறிய உறவினரைச் சேர்த்துவைக்கச் சிறிது நேர நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கிற்று. கூட்டம் அலைமோதவே அது 138 நாட்கள் நீடித்தது. 10,000க்கும் மேற்பட்டோர் தம்மவரைக் கண்டனர். ஒரே நாட்டில் 30 ஆண்டுகள் ஒருவரையொருவர் அறியாது வாழ்ந்தவர்கள் அவர்கள். எல்லைக்கு அப்பால் இருப்போரைக் காண்பதோ அரசுகளின் கையில் இருந்தது. 2000 முதல் 2018 வரை 21 முறை சந்திப்புகள் நடந்தன. அறுபதாண்டுகளுக்கு மேல் பிரிந்திருந்த தாயும் மகனும் சில நாட்களில் சில மணி நேரம் கூடியிருக்கலாம். பின்னர் பேருந்தின் கண்ணாடிக்கு இருபுறமும் கையை வைத்துக்கொண்டு பிரிந்துவிட வேண்டும். விண்ணப்பித்த 1,30,000க்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். 2024 ஜனவரியில் வடக்கு அரசு, ஒன்றுபடுதல் இனித் தன் குறிக்கோள் அன்று என அறிவித்தது. குடும்பங்கள் சந்திப்பதற்கென்றே கும்காங் மலைப்பகுதியில் கட்டிய மாளிகையை 2025இல் இடிக்கத் தொடங்கினர்.