நெல்லையில இருந்து பார்த்தா இங்கிலாந்து ராணி

திருநெல்வேலி டவுண்ல இருந்து பேசுதேன்.

2022 செப்டம்பர் 8, இரண்டாம் எலிசபெத் இறந்தாங்க. 11-ஆம் தேதி இந்தியா முழுக்க அரசு துக்கம். அப்போ என் கூட்டாளிகள் கேட்டது ஒண்ணுதான்: "அந்தம்மாவுக்கும் நமக்கும் என்னலே சம்பந்தம்?" அதுக்கான பதில்தான் இந்த எபிசோடு. மூணு ராணிகளைப் பார்ப்போம்.

முதல்ல, முதலாம் எலிசபெத். 1558-ல பட்டத்துக்கு வந்தவங்க. 1600 டிசம்பர் 31-ல லண்டன் வியாபாரிகள் சிலருக்கு ஒரு பட்டயம் கொடுத்தாங்க. கிழக்கு நாடுகளோட வியாபாரம் செய்யிற உரிமை, 15 வருஷத்துக்கு, அவங்களுக்கு மட்டும். அதுதான் கிழக்கிந்தியக் கம்பெனி. மூணு வருஷத்துல ராணி காலமாயிட்டாங்க. ஆனா மிளகும் கிராம்பும் வாங்கக் கிளம்பின கம்பெனி, 1755-ல நெல்லைச் சீமைக்குள்ள படையோட வந்து வரி கேட்டுச்சு.

அந்தப் படையில இருந்தவர்தான் மருதநாயகம்னு நாம சொல்லுற யூசுப் கான். கம்பெனிக்காகப் பூலித்தேவரோட சண்டை போட்டவர். பிறகு நவாபையும் கம்பெனியையும் எதிர்த்து நின்னார். 1764 அக்டோபர் 15, மதுரையில தூக்கு. அவர் கைகளை வெட்டி நம்ம பாளையங்கோட்டைக்கு அனுப்பினதா ஒரு பேச்சு உண்டு. 1799 அக்டோபர் 16, கயத்தாறுல கட்டபொம்மனுக்குத் தூக்கு. 1801-ல நெல்லைச் சீமை மொத்தமும் கம்பெனி கையில.

ரெண்டாவது, விக்டோரியா. 1858 நவம்பர் 1-ல அவங்க பேருல ஒரு பிரகடனம் வந்தது. கம்பெனி ஆட்சி முடிஞ்சு முடியாட்சி ஆரம்பம். மதத்துல தலையிட மாட்டோம், அரசு வேலையில இனம் பார்க்க மாட்டோம்னு வாக்குறுதி. முதல்ல எழுதின வரைவைப் பார்த்துட்டு, இன்னும் கனிவா எழுதுங்கன்னு ராணியே சொல்லியிருக்காங்க. ஆனா அவங்க மகன் ஏழாம் எட்வர்டு காலத்துல, சொந்தமாக் கப்பல் விட்ட வ.உ.சி.க்கு இதே திருநெல்வேலி கோர்ட்டுல ரெட்டை ஆயுள் தண்டனை கொடுத்தாங்க. அது 1908.

மூணாவது, இரண்டாம் எலிசபெத். 1997 அக்டோபர் 16-ல சென்னைக்கு வந்து 'மருதநாயகம்' படத்தோட தொடக்க விழாவுல கலந்துக்கிட்டாங்க. தேதியைக் கவனிங்க. யூசுப் கானைத் தூக்குல போட்ட தேதிக்கு மறுநாள், கட்டபொம்மனைத் தூக்குல போட்ட அதே தேதி. விழாவுக்கு வந்திருந்தவர்கள்ல சிவாஜி கணேசனும் ஒருத்தர். 1959-ல கட்டபொம்மனா நடிச்சவர், கயத்தாறுல அவருக்குச் சிலை வச்சவர்.

ரெண்டு நாளைக்கு முன்னாலதான் ராணி ஜாலியன்வாலா பாக்ல மலர்வளையம் வச்சிருந்தாங்க. மன்னிப்புன்னு ஒரு வார்த்தை வரலை. அவங்க நினைச்சாலும் தனியா முடிவெடுத்துச் சொல்லியிருக்க முடியாது. பிரிட்டிஷ் அரசாங்கம் சொல்லுறபடிதான் ராணி பேசணும்.

அதனால 'தி கிரவுன்' மாதிரி தொடர் பார்த்துட்டு, இந்த ராணி நல்லவங்களா கெட்டவங்களான்னு பேசுறதுல நமக்குப் பெரிசா ஒண்ணும் கிடைக்காது. அவங்க பேரைச் சொல்லி, யார், எந்த ஊர்ல, என்ன செஞ்சாங்கன்னு கேட்கணும். அப்படிக் கேட்டா பாளையங்கோட்டையும் கயத்தாறும் கதைக்குள்ள வந்துடும்.

இங்க இருந்து மதுரை ரோட்டுலதான் கயத்தாறு இருக்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா, அஞ்சு நிமிஷம் வண்டியை நிறுத்தி அந்தச் சிலையைப் பாருங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.