முதுகெலும்பு அழற்சி



விடியலில் முதுகு விறைத்து எழமாட்டாது கிடக்கும் இளைஞனை நம் வீடுகளிற் சோம்பேறியென ஏசுகின்றனர். அன்றேல், வாயுப்பிடிப்பென்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைக்கின்றனர். இரண்டும் தகா. சுளுக்கு ஓய்வினால் தணியும். இவ்வழற்சியோ ஓய்வினால் மிகும், நடமாட்டத்தால் தணியும். பெரும்பாலும் 45 வயதிற்கு முன்னரே தோன்றும். 3 திங்களுக்கு மேல் நீடிப்பின் வாதநோய் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். வாளாவிருப்பின் எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து கூன் விழுதலும் உண்டு.

எச்.எல்.ஏ. பி27 என்னும் மரபணு வகைக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1973-ல் அறிந்தனர். அஃதுடையாருட் பெரும்பாலோர்க்கு நோய் வருவதேயில்லை. பெண் கொடுக்கத் தயங்கும் நம்மவர் இதனைச் செவிக்கொள்க.

யாம் 18 ஆண்டுகளாக இந்நோயுடன் பள்ளி சென்று வருகின்றோம். மருத்துவர் தரும் மருந்தை உண்டு, நாடோறும் வெந்நீராடி முதுகை வளைத்து நிமிர்த்துவோம், புகை பிடியோம், கண் சிவந்து நோவின் அன்றே கண் மருத்துவரை நாடுவோம்.