மர நிழலுக்கும் டிக்கெட்டா?

(மாகறல் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று பட்டணத்துப் பூங்காக்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "செய்யாற்றங்கரையில் இருக்கும் நமக்குப் பூங்கா எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நம் பிள்ளைகளில் பலர் இன்று கழனியில் இல்லை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டு பார்க்கிறார்கள். சென்னையில் ஒண்டுக் குடித்தனம் நடத்துகிறார்கள். மெஷின் இரைச்சலுக்கும் தகரக் கூரைக்கும் நடுவே வாழ்கிறவனுக்கு மர நிழல் ஆடம்பரமல்ல. சோறும் தூக்கமும் போல அதுவும் ஒரு தேவை.

இது வெறும் பேச்சல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியாவிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். ஜன்னல் வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கல் சுவரைக் கண்டவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984ல் வெளியான உண்மை இது.

சரி, அந்த மரமும் மண்ணும் யார் கையில் இருந்தன?

கிண்டியில் சர்க்கார் நிலம் 160 ஏக்கர், 99 வருஷக் குத்தகைக்குக் குதிரைப் பந்தயக் கிளப்பிடம் போயிற்று. வாடகை மாதத்துக்கல்ல, வருஷத்துக்குச் சுமார் 614 ரூபாய்! 730 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி என்று சொல்லி, 2024 செப்டம்பரில் சர்க்கார் குத்தகையை ரத்து செய்தது. 118 ஏக்கரில் பூங்கா வரும் என்று அறிவித்தது. கிளப் கோர்ட்டுக்குப் போயிற்று. குதிரை ஓடிய நிலத்தில் குழந்தைகள் ஓட வேண்டும் என்பதை நாம் வரவேற்கிறோம். ஆனால் எந்தக் குழந்தைகள்?

2024 அக்டோபரில் சென்னை கதீட்ரல் சாலையில், மீட்கப்பட்ட சர்க்கார் நிலத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் பெரியவருக்கு 100 ரூபாய், சிறுவருக்கு 50 ரூபாய் என வைத்தார்கள். கணக்குப் பாருங்கள். புருஷன், மனைவி, இரண்டு பிள்ளைகள்: 300 ரூபாய். அந்த வருஷம் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த நாள் கூலி 319 ரூபாய். வாசலைத் தாண்டினால் மிச்சம் 19 ரூபாய்! பஸ் சார்ஜுக்கு எங்கே போவது?

"ஜனங்களுக்கு மரத்தின் அருமை தெரியாது, குப்பை போடுவார்கள்" என்று சில கனவான்கள் சொல்கிறார்கள். உள்ளே விடாதவனுக்கு அருமை எப்படித் தெரியும்? வந்து உட்கார்ந்து, தன் பிள்ளை விளையாடப் பார்த்தவன்தான், அந்த மரத்தில் கோடரி விழும்போது ஓடிவந்து தடுப்பான். தனது என்ற எண்ணம் வந்தால் பொறுப்பும் கூடவே வரும்.

பூங்கா தானாகக் கிடைப்பதல்ல. லண்டனின் கிழக்குப் பகுதி உழைப்பாளிகளுக்குப் பூங்கா வேண்டுமென்று 1840ல் 30,000 பேர் கையெழுத்திட்ட மனு ராணியிடம் போயிற்று. 1845ல் விக்டோரியா பூங்கா திறந்தது. கேட்டதனால் கிடைத்தது!

நாமும் கேட்போம். கிண்டிப் பூங்காவில் உழைப்பாளி மக்களுக்குக் கட்டணம் கூடாது. தொழிற்பேட்டைகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளிலும் நிழலுள்ள பொது இடம் வேண்டும்.

நம் ஊர்ப் பக்கமும் கண் இருக்கட்டும். ஏரிக்கரைப் பனை, மேய்ச்சல் புறம்போக்கு, ஆற்றங்கரை மரம், இவைதான் நம் பூங்கா. இதற்கு இன்று டிக்கெட் இல்லை. வேலி விழுந்தால் நாளை அதுவும் வரும். மே முதல் நாள் கிராம சபை கூடுகிறது. ஊர்ப் பொது நிலத்தின் பட்டியலைக் கேளுங்கள். அதைக் காக்கத் தீர்மானம் போடுங்கள். ஆணும் பெண்ணும் திரண்டு வாருங்கள்!